உங்கள் கையாலேயே லினக்ஸ்

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதே, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் டெல்டா கிராமங்களுக்குள் வந்துவிட்டது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். இந்திய மொழிகளுக்கென்றே வேலை செய்து கொடுத்தார்கள். ஆனால் வகுப்பில் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்ல ஆளில்லை. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் அது இன்னொரு வரியாக நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் விண்டோஸுக்குள் போய்விட்டார்கள்.

அந்த லேப்டாப்புகளை இப்போது மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் வீடுகளில் பரணில் பார்க்கிறேன். படித்த பிள்ளை திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்கும். லேப்டாப் அதே பையில், சார்ஜரோடு, தூசியோடு இருக்கும். எடுத்துப் போட்டால் பேட்டரி நிற்காது, விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். “இது அவ்ளோதான்” என்று திரும்பப் பரணில் வைத்துவிடுவார்கள். ஸ்கிரீன் நன்றாக இருக்கும், கீபோர்டில் ஒரு பட்டன்கூடப் போயிருக்காது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ராம் குறைவாக இருந்தால் 4 ஜிபி ஆக்கி, எளிமையான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அந்த மெஷின் இன்னும் பல வருஷம் உழைக்கும். எஸ்எஸ்டிதான் இதில் முதல் செலவு, பெரும்பாலும் அதுவே கடைசிச் செலவு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசஸராவது வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தப் பக்கத்து வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பகுதி தேறாது. அதனால்தான் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் இப்போது “லினக்ஸ் போட்டுக் குடுக்கிறியா?” என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

போட்டுக் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கீபோர்டையும் மவுஸையும் தொடுவதில்லை. யார் அந்த மெஷினில் நாளைக்கு உட்காரப் போகிறார்களோ அவர்கள்தான் பென் டிரைவ் செருகுவதிலிருந்து கடைசி ரீஸ்டார்ட் வரை செய்ய வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இன்றைய லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ ஜோரினோ இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் கேள்விகள் ஏழெட்டுத்தான். மொழி எது, கீபோர்டு எது, எந்த டிஸ்க், எந்த ஊர் நேரம், உன் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன. இந்தக் கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னவருக்கு அது தன் மெஷின். தன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியும். பாஸ்வேர்டை அவரே வைத்திருப்பதால் மறக்காது. இன்னொருவர் போட்டுக் கொடுத்த மெஷினில் ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டி வந்தாலும் அவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள், போன் வருகிறது. தானே போட்டவர்கள் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்கிறார்கள்.

எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை என்ற கேள்வியில் நெட்டில் முடியாத சண்டை நடக்கிறது. நான் ஆளைப் பார்த்துச் சொல்வேன். விண்டோஸ் 7 காலத்திலிருந்து கம்ப்யூட்டர் பார்த்தவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். எதையும் தேட வேண்டாம். கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006-இல் தொடங்கிய திட்டம் அது. உபுண்டுவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, செயலிகளை நிறுவ அதில் வரும் ஸ்னாப் முறையை ஒதுக்கிவிட்டார்கள். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. அடிக்கடி வெர்ஷன் மாற்றச் சொல்லித் தொல்லை செய்யாது என்பது வீட்டு உபயோகத்துக்குப் பெரிய விஷயம். ராம் 2 ஜிபி, 3 ஜிபி என்றால் அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பார்க்கக் கொஞ்சம் எளிமையாக இருக்கும், ஓட்டம் நன்றாக இருக்கும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு உபுண்டு சொல்வேன். இடது ஓரத்தில் நிற்கும் பட்டை முதலில் விசித்திரமாக இருந்தாலும், எந்தப் பாடக்குறிப்பைத் திறந்தாலும் உபுண்டுவுக்கான வழிதான் எழுதியிருக்கும். விண்டோஸ் மாதிரியே இருந்தால்தான் தொடுவேன் என்கிறவர்களுக்கு ஜோரின். ஃபெடோரா அருமையான வேலைப்பாடு, நான் மதிக்கும் டிஸ்ட்ரோ. ஆனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஆதரவு ஏறக்குறைய பதின்மூன்று மாதம்தான், அதனால் முதல்முறை வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை. 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டுவும் அதன்மேல் கட்டிய மின்ட்டும் கதவைச் சாத்திவிட்டன. ஆன்டிஎக்ஸ் போன்ற சிலதான் மிச்சம்.

இறக்குவதில்தான் நம் ஊர்ச் சிக்கல். மின்ட் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி. செல்போன் பேக்கில் ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒன்றரை ஜிபி, சிலருக்கு 2 ஜிபி. பிரவுசரில் இறக்கினால் பாதியில் அறுந்துவிடும், டேட்டாவும் போய்விடும். டோரன்ட்டில் போடச் சொல்வேன். இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து இறங்கும், ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் என் பென் டிரைவிலிருந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதில் வென்டாய் போட்டிருக்கிறேன். ஐஎஸ்ஓ ஃபைல்களை அப்படியே அதில் காப்பி செய்துவிட்டால் போதும், ஒரே டிரைவிலிருந்து மின்ட், உபுண்டு, ஜோரின் எதை வேண்டுமானாலும் பூட் செய்யலாம். உபுண்டு 2004-இல் வந்த புதிதில் கனோனிகல் நிறுவனம் சிடியையே வீட்டு முகவரிக்கு இலவசமாகத் தபாலில் அனுப்பியது. 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. நெட் இல்லாத கிராமத்துக்கு அதைவிட மரியாதையான வழி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்போது அந்த வேலையைப் பென் டிரைவ் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்யலாம். இதைப் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது முழுக்கச் சட்டப்படியானது.

தன் லேப்டாப்பில் மின்ட் போட உட்கார்ந்த என் சித்தப்பா இந்த இடத்தில்தான் கேட்டார், “ஏண்டா தம்பி, இதை யாரு சும்மா குடுக்குறது? இவ்ளோ பெரிய சாமான் சும்மா வருதுன்னா உள்ள ஏதோ இருக்கணுமே?”

நியாயமான சந்தேகம். இலவசம் என்று வந்த எத்தனையோ செயலிகள் நம் நம்பரை விற்றிருக்கின்றன. அவரிடம் சொன்னேன்: ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல், மென்பொருளை யாரும் பார்க்க, மாற்ற, பகிர உரிமை இருக்க வேண்டும் என்று குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்துதான் இது. இன்று கெர்னலில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஏனென்றால் அந்தக் கம்பெனிகளின் சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன. உபுண்டு, கம்பெனிகளுக்குச் சேவை விற்றுச் சம்பாதிக்கிறது. மின்ட் நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும் நடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம். கேட்டுவிட்டுச் சித்தப்பா, “அப்ப சரி, கணக்கு தெரியுது” என்றார். காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அவர் பென் டிரைவைச் செருகினார்.

எந்த டிரைவிலிருந்து திறப்பது என்று கேட்கும் பூட் மெனுவுக்குப் போகும் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஆன் செய்தவுடன் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போனால் மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுதாகத் திறந்துகொள்ளும். டிஸ்க்கில் இன்னும் எதுவும் எழுதப்பட்டிருக்காது. இந்த லைவ் செஷனைத்தான் நான் மிக அதிகமாக மதிக்கிறேன், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். பலரும் வால்பேப்பரைப் பார்த்துவிட்டு, மெனுவை நாலு முறை திறந்து மூடிவிட்டு, “நல்லாயிருக்கு” என்று இன்ஸ்டால் ஐகானை அழுத்தப் போவார்கள். நிறுத்திவிடுவேன். உங்கள் வழக்கமான வேலை என்னவோ அதை இங்கேயே செய்து பாருங்கள். வைஃபை எடுக்கிறதா? சத்தம் வருகிறதா? மூடித் திறந்தால் லேப்டாப் எழுந்திருக்கிறதா? வீட்டு பிரிண்டரில் ஒரு பக்கம் அடிக்கிறதா? சித்தப்பா பட்டா சிட்டா பக்கத்தைத் திறந்தார், மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் எல்லாம் கொடுத்துத் தன் சிட்டாவை வரவழைத்தார், பிடிஎஃப் ஆகச் சேமித்தார். கொள்முதல் நிலைய வேலைக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அவருக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான். ரீஸ்டார்ட் செய்தால் லைவ் செஷனில் சேமித்தது போய்விடும் என்பதால் அதை வாட்ஸாப் வெப்பில் தன் நம்பருக்கே அனுப்பிக்கொண்டார். அவர் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் கேட்க அதிகம் இல்லை.

டிஸ்க் பிரிப்பதில்தான் நேரம் எடுத்துக்கொண்டார். விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும் என்றேன். படத்தைப் பார்த்துவிட்டு, “உட்பிரிவு போடுறா மாதிரி. பாகம் பிரிக்கிறது சுலபம்டா, திரும்பச் சேக்கறதுதான் கஷ்டம்” என்றார். உண்மைதான். விண்டோஸுக்கு எவ்வளவு, லினக்ஸுக்கு எவ்வளவு என்று முதலிலேயே யோசித்துக் கோட்டை இழுத்து வைக்க வேண்டும், பின்னால் மாற்றுவது பெரிய வேலை. மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும், 100 ஜிபி விடுவது நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. போட்டோக்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைப் படிக்கத்தான் முடியும், எழுத விடாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைக்க வேண்டும். பேட்டரி நிற்காத லேப்டாப் என்றால் இன்னொன்றும்: பேப்பரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். டிஸ்க்கை மாற்றி எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் யாரையும் இன்ஸ்டால் செய்யச் சொல்வதில்லை.

கீபோர்டு கேள்விக்குத் தமிழ் என்று பதில் சொல்லிவிடாதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஆங்கிலமே இருக்கட்டும், பாஸ்வேர்டு அடிக்க அதுதான் வசதி. மொழியைத் தமிழ் என்று வைக்கலாம். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை, நடுநடுவே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் ஆங்கிலம் படிக்கத் தயங்குகிற ஒருவருக்கு மெனுவில் தன் மொழியைப் பார்ப்பது எவ்வளவு தெம்பு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மொழிபெயர்ப்புகளைச் செய்த தன்னார்வலர்களில் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அவர்களுக்கு என் வணக்கம்.

தமிழ் தட்டச்சுதான் நம் பக்கத்துக்கு உண்மையான தேர்வு. குடவாசல் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சுற்றுவட்டாரக் கோயில்களின் தலபுராணக் குறிப்புகளையும் கல்வெட்டுச் செய்திகளையும் பல வருஷமாகத் தொகுத்து வருகிறார். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. டெல்டாவின் டிடிபி கடைகள் முழுக்க இப்படித்தான்: பாமினி, வானவில் என்று, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கந்தரகோளமாகத் தெரியும். லைவ் செஷனில் அவர் தன் ஃபைலைத் திறந்ததும் அதுதான் வந்தது. முகம் சுருங்கிவிட்டது. “தம்பி, என் பொழைப்பே போச்சா?”

போகவில்லை. அவரிடமிருந்த எழுத்துரு ஃபைலை டபுள் கிளிக் செய்து நிறுவச் சொன்னேன். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்ததும் திருவீழிமிழலை திருவீழிமிழலையாகவே வந்தது. பழையதைப் படிக்க அது போதும். புதிதாக எழுத யூனிகோடுக்கு வருவதுதான் நல்லது என்று சொன்னேன், ஏன் என்றும் காட்டினேன். பாமினியில் அடித்த கட்டுரைக்குள் ஒரு ஊர்ப் பெயரை யூனிகோடு தமிழில் அடித்துத் தேட முடியாது, போனில் அனுப்பினால் படிக்க முடியாது, நாளைக்கு அந்த எழுத்துருவே கிடைக்காவிட்டால் உழைப்பு முழுவதும் புதிராகிவிடும். கல்வெட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுத்து நிலைக்க வேண்டும் என்பதற்காகவே வாழ்கிறவர் அவர்.

இன்ஸ்டால் முடிந்தபின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் என்ற பொதியைத் தேடிப் போட்டார். லாக் அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் அமைப்புகளில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99 தட்டச்சு முறையைச் சேர்த்தார். அந்தப் பட்டியலில் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைத்துப் பழகியவர்களுக்கு அது. ஒரு கவனம்: கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்று ஒன்று தெரியும், அதில் தானாகப் புள்ளி வைக்கும் வேலை நடக்காது. எம்17என் வழியாக வருவதையே சேருங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய முறை தமிழ்99. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். ஆசிரியர் தட்டுத்தடுமாறி “அம்மை”, “அப்பர்” என்று அடித்துப் பார்த்தார். “புள்ளி அதுவா வைக்குது தம்பி! தொல்காப்பியம் தெரிஞ்ச மிஷினு” என்று சிரித்தார். பழைய ஃபைல்களை இணையத்தில் உள்ள மாற்றி வழியாக ஒவ்வொன்றாக யூனிகோடுக்குக் கொண்டுவருகிறார். மாற்றியபின் வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது அங்கங்கே இருக்கிறது.

எல்லாருக்கும் லினக்ஸ் என்று நான் சொல்லமாட்டேன். ஜெராக்ஸ் கடையும் பொதுச் சேவை வேலையும் சேர்த்து நடத்துகிற அண்ணன் ஒருவர், இருக்கும் இரண்டு மெஷினிலும் போட்டுவிடலாமா என்று கேட்டார். ஒன்றில் மட்டும் போடுங்கள் என்றேன். கைரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் வருகிறது. கணக்கு எழுதும் டேலி விண்டோஸுக்கானது. பழைய லேசர் பிரிண்டர்களில் சில, தயாரித்த கம்பெனியின் டிரைவர் இல்லாமல் ஒரு புள்ளிகூட அடிக்காது. புதிய நெட்வொர்க் பிரிண்டர்கள் பலவும் டிரைவரே இல்லாமல் தானாகத் தெரிந்துவிடும், அது வேறு. கடை என்றால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார். அங்கே பரிசோதனை செய்யக் கூடாது. விண்ணப்பம் நிரப்புவது, பிரவுசர் வேலை, ஸ்கேன் செய்வது எல்லாம் இப்போது அவர் கடையின் மின்ட் மெஷினில் நடக்கிறது. ஊர்ப் பென் டிரைவ்கள் எல்லாம் அந்த மெஷினில்தான் செருகப்படுகின்றன, ஏனென்றால் அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும் விண்டோஸ் வைரஸ்கள் அங்கே ஓடுவதில்லை.

போட்டு முடித்தவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்வது டைம்ஷிஃப்ட். மின்ட்டிலேயே இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், பின்னால் எந்த அப்டேட்டாவது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்துக்கு மட்டும், உங்கள் போட்டோவுக்கும் கடிதத்துக்கும் தனியாகப் பிரதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அக்கா மகள் பிகாம் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் அவளே மின்ட் போட்டாள். போன வாரம் ஹாஸ்டலிலிருந்து போன்: “மாமா, ரூம்மேட் லேப்டாப்ல போட்டுட்டு இருக்கோம். லைவ்ல வைஃபையே காட்டல. இது ஆகாதா?” வைஃபை சிப்புக்கான டிரைவர் ஐஎஸ்ஓவிலேயே சேர்ந்து வராத மாடல்கள் சில உண்டு. போனைக் கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யச் சொன்னேன். நெட் உடனே வந்துவிடும். அதை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் சிப்புக்கு எது வேண்டும் என்று அதுவே காட்டும். கொஞ்ச நேரத்தில் வைஃபை பட்டியல் வந்துவிட்டது. “கீபோர்டு யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டேன். “அவகிட்டதான் மாமா, நான் தொடல” என்றாள். பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்: “டிஸ்க் பக்கம் வந்துடுச்சு, டி டிரைவ்ல ப்ராஜெக்ட் இருக்கு, அது போயிடுமான்னு கேளுடி.”

எரேஸ் என்று தொடங்கும் வரி டிஸ்க்கை முழுக்க அழித்துவிடும், அதைத் தொட வேண்டாம், முதலில் டி டிரைவைத் திறந்து ப்ராஜெக்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பிறகு கூப்பிடுங்கள் என்றேன்.